அவர் பார்த்த பக்கம்

ஓகலாலா, நெப்ராஸ்கா
மே 24, 1988

அன்புள்ள மேவிஸுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

புறப்பட்டு இத்தனை நாளில் இவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறோம். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். நாங்கள் பார்க்கப் போகிற மேசா வெர்டே பாறை வீடுகள் எழுநூறு வருஷமாக அங்கேயே இருக்கின்றன, நாங்கள் போவதற்குள் எங்கேயும் ஓடிவிடாது என்கிறார் உன் அத்தான்.

எங்கள் வீட்டு வண்டியை முகாமில் நிறுத்தியதும் அவர் செய்த முதல் வேலை பேர்ப்பலகையைத் தொங்கவிட்டதுதான். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கினாரே, 'டோல்மன் வீடு, ஆர்லன், வெர்னா' என்று, அது. பக்கத்து வண்டிக்காரர்கள் படித்துவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டார்கள். இந்த முகாம்களில் எல்லாரும் இப்படித்தான். அரைமணி நேரத்தில் அவர்களுடைய மூட்டு வலி, மருமகள் தொல்லை எல்லாம் நமக்கு அத்துப்படி ஆகிவிடுகிறது.

வழி முழுக்க நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறேன். எதிரில் லாரி, வலதுபக்கம் கொஞ்சம் ஒதுங்குங்கள், சிக்னல் சிவப்பு, இப்போது பச்சை. சாயங்காலம் ஆனால் தொண்டை கட்டிவிடுகிறது. "முப்பது வருஷம் ஸ்கூல் பஸ்ஸுல பிள்ளைங்க சத்தம். ரிடையர் ஆனா நிம்மதின்னு நெனச்சேன், நீ வந்து உக்காந்துட்ட" என்று கேலி செய்கிறார்.

தக்காளிக்கு மறக்காமல் தண்ணீர் விடு. அடுத்த கடிதத்தை நியூ மெக்சிகோவில் ராட்டோன் தபாலாபீஸுக்குப் போடு, நேரில் போய் வாங்கிக்கொள்வோம். உயரமான மலைக் கணவாய்கள் வேண்டாம் என்று தெற்கே சுற்றிக்கொண்டு போகிறோம்.

அன்புடன்,
வெர்னா

*

ஹார்ட்லி, நெப்ராஸ்கா
ஜூன் 2, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு அப்படியே இருக்கிறது. தைலத்தை ஒருநாள் தேய்த்தேன், பூனை என்னை விட்டு ஓடிவிட்டது. தக்காளி பூத்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. சிக்னல் சிவப்பு என்பதை நீ ஏன் அத்தானுக்குச் சொல்ல வேண்டும்? அவர் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பனியிலும் புழுதியிலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

ஈஸ்டர் சாப்பாட்டில் என் மேஜைமேல் உப்புக் குடுவையைத் தடவித் தடவி எடுத்தார். கிளம்பும்போது வேலியில் காயப்போட்டிருந்த என் கோட்டுக்குக் கையசைத்து, "வரேன் மேவிஸ்" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமான குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

என்ன நடக்கிறது என்று உள்ளதைச் சொல்.

உன் தங்கை,
மேவிஸ்

*

ராட்டோன், நியூ மெக்சிகோ
ஜூன் 14, 1988

அன்புள்ள மேவிஸுக்கு,

நலம். உன்னிடம் மறைத்தது தப்புத்தான். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் கூண்டுக்குள் அவரும் என்னோடு நுழைந்து தோளை ஒட்டி நின்றுகொள்கிறார். கடிதத்தில்தான் பேச முடியும். அவரால் படிக்க முடியாது.

ஆமாம், கண்தான். லிங்கன் நகரத்து டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். பார்வைக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது காணாமல் போய்விடும், ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். என்னைப் பார்த்தால் என் தலைமுடி தெரிகிறதாம், முகம் தெரியவில்லையாம். புள்ளி வளர்ந்துகொண்டே போகும், மருந்து இல்லை. வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். அக்டோபரில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கண் பரிசோதனையில் அவர் தேற மாட்டார்.

அதனால்தான் இந்தக் கோடை. விதைக் கம்பெனி காலண்டரில் வந்த அந்தப் படத்தை அவர் காரேஜில் ஒட்டி வைத்திருப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். பாறையின் வயிற்றுக்குள் ஒரு முழு ஊர். இதைப் பார்க்கப் போவோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார், அம்மா படுக்கையில் இருக்கிறாள், அடுத்த வருஷம் என்று ஒவ்வொரு வருஷமும் நான் சொல்வேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை மனுஷன். அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் அவளைத் தூக்கி உட்கார வைத்ததே அவர்தான். அந்த ஊரை அவர் பார்த்துவிட வேண்டும், மேவிஸ். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பெரிய வண்டியை நான் தொட்டதே இல்லை. பயமாக இருக்கிறது. அதனால் நான் வழி சொல்கிறேன், அவர் ஓட்டுகிறார். "உன் கண்ணு, என் கையி. ரெண்டும் சேந்தா ஒரு நல்ல டிரைவர்" என்கிறார். பகலில் மட்டும்தான் ஓட்டுகிறோம், மெதுவாக.

உன் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், பாதியை விழுங்கிவிட்டு. போன கடிதத்துக்கு, "மேவிஸ் இவ்ளோ சின்னதா எழுத மாட்டாளே" என்றார். அவருக்கும் ஏதாவது எழுது.

அன்புடன்,
வெர்னா

*

ஹார்ட்லி
ஜூன் 21, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ விழுங்க வேண்டாம், முழுசாக வாசித்துக் காட்டு.

உங்கள் இருவருக்கும் புத்தி மழுங்கிவிட்டதா? கண் ஒருவருக்கு, கை ஒருவருக்கு என்று வண்டி ஓட்டுவதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. நீ தும்மினால் என்ன ஆகும்? எதிரில் வருகிறவன் உங்களை நம்பித்தானே வருகிறான்? அவன் வண்டியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்களா? அத்தான், உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் பஸ் ஓட்டிய காலத்தில் கண் தெரியாத ஒருவன் எதிரில் வந்திருந்தால் அவனை என்ன சொல்லித் திட்டியிருப்பீர்கள்?

அம்மாவை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். எனக்கு அதட்ட உரிமை இல்லைதான். இருந்தாலும் அதட்டுகிறேன். ஒன்று, அக்கா ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். இல்லையென்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வாருங்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோபமாக இருக்கிறேன், உயிராகவும் இருக்கிறேன் உங்கள் மேல்.

மேவிஸ்

*

ஹார்ட்லி
ஜூலை 9, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. நான் எழுதியது மனசை நோகடித்துவிட்டதா? தபால்காரரை வாசலிலேயே மறித்துக் கேட்கிறேன், என்னைக் கண்டாலே அவர் தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். சர்ச்சில் எல்லாரும் உங்களை விசாரித்தார்கள். சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

நீங்கள் ஃபார்மிங்டன் வழியாகப் போவதாகச் சொன்ன ஞாபகம், இதை அங்கே போடுகிறேன். தக்காளி காய்த்துத் தொங்குகிறது, யாருக்குப் பறிப்பது? ஒரே ஒரு வரி எழுது. இரண்டு பேரும் இருக்கிறோம் என்று மட்டும் எழுது, போதும்.

மேவிஸ்

*

ஃபார்மிங்டன், நியூ மெக்சிகோ
ஜூலை 25, 1988

அன்புள்ள மேவிஸுக்கு,

இரண்டு பேரும் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஷிப்ராக் தாண்டி நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் போய்க்கொண்டிருந்தோம். சாலை நேராக, காலியாக இருந்தது. நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. செம்மறிகள் குறுக்கே வருவதைப் பார்த்துக் கத்தினேன், அவரும் உடனே பிரேக்கை மிதித்தார். ஆடுகள் தப்பிவிட்டன. அவற்றை ஓட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்த நாயை நான் பார்க்கவில்லை. பொம்மென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்தது ஒரு நவஹோ அம்மாள். என் வயசு இருக்கும். அவர் எங்களைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நாயின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். இவர் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேலிக் கம்பத்தைப் பார்த்துக் கேட்டார், மேவிஸ். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர் ஏன் என் மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குறாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொல்லிவிட்டார்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. நான் ஓட்டியிருக்கக் கூடாது."

என்னைத் தவிர வேறு யாரிடமும் இவர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாயை எங்கே புதைப்பது என்று இவர் கேட்டார். அந்த அம்மாள் ஓர் இடத்தைக் காட்ட, நான் இவரைக் கைபிடித்து அழைத்துப் போனேன். நம் வண்டியிலிருந்த மண்வாரியால் இவரே குழி வெட்டினார். காலால் தடவித் தடவி அளவு பார்த்துக்கொண்டு வெட்டினார், யாரையும் தொடவிடவில்லை. முடிந்ததும் அந்த அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஆடுகளைச் சுற்றி வளைக்க அவரே இங்குமங்கும் ஓட வேண்டியிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு இவர் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். அங்கிருந்து திரும்பி ஃபார்மிங்டன் வரைக்கும் நான்தான் ஓட்டினேன் என்றால் நம்புவாயா? அழுதுகொண்டே ஓட்டினேன். ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போயிற்று.

இங்கே சந்தைத் திடலில் தினமும் எனக்குப் பாடம் நடக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாதாம், கியரைக் குறைக்க வேண்டுமாம். ரிவர்ஸ் எடுத்து ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டேன், அதற்குத்தான் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார். ராத்திரியில் தூங்குவதில்லை என்று தெரிகிறது. நானும் கேட்பதில்லை.

வெர்னா

*

ஹார்ட்லி
ஆகஸ்ட் 3, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்படி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் இருக்கிறீர்கள், அது போதும். நாய்க்காக வருத்தமாக இருக்கிறது. அந்த அம்மாளுக்காக அதைவிட வருத்தம்.

இதை அத்தானுக்கு வாசி. அத்தான், நீங்கள் அங்கே நின்று உண்மையைச் சொன்னீர்கள் என்று அக்கா எழுதியிருக்கிறாள். முன்பு திட்டினேனே, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கட்டும், உங்களுக்கு நல்லது.

அக்கா அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுக்குள் புகுந்த கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருக்க மாட்டாள். கேட்டுப் பாருங்கள், ஒருநாள் பொழுது போகும்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இவ்வளவு தூரம் போயாகிவிட்டது. மலையில் மெதுவாக ஏறு, அக்கா. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மேவிஸ்

*

கோர்ட்டெஸ், கொலராடோ
ஆகஸ்ட் 19, 1988

அன்புள்ள மேவிஸுக்கு,

நலமாக இருக்கிறோம். நேற்று மேசா வெர்டேவுக்குப் போய்விட்டு வந்தோம்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. இந்த மாத ஆரம்பத்தில் ஒருநாள் காலை எழுந்து, விளக்கைப் போடு என்றார். வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கண்ணில் பார்வை முழுசாகப் போய்விட்டது. வலதுகண்ணிலும் ஓரமாகப் புகை மாதிரி ஏதோ அசைவதுதான் தெரிகிறதாம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் இங்குள்ள டாக்டர். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "கூட்டிட்டுப் போ வெர்னா. ஒரு கீத்து தெரிஞ்சாலும் போதும்" என்றார். அந்த ஒரு கீற்றை நம்பித்தான் அந்த மலையில் ஏறினேன்.

மலைப்பாதையில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அவர் சத்தத்தைக் கேட்டுச் சொல்லச் சொல்ல ஓட்டினேன். கியரைக் குறை, இப்ப விடு, நல்லா வருது, அப்படியே போ. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த பஸ்ஸில் ஏன் அவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீடுகளுக்குள் போக வேண்டுமானால் ஏணியில் ஏறி இறங்க வேண்டும். அங்கிருந்த காவலர் இவரைப் பார்த்துவிட்டு, மேலே கம்பித் தடுப்பு இருக்கும் இடத்தில் நின்று பார்ப்பதே நல்லது என்றார். அங்கே போய் நின்றோம். நல்ல கூட்டம். எல்லாரும் வலப்பக்கம் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினேன். அதோ, என்றேன்.

அவர் இடப்பக்கம் திரும்பினார்.

அங்கே வெறும் பாறை, மேவிஸ். பாறையும் இரண்டு குட்டை மரமும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எவ்ளோ அழகு, வெர்னா. அந்தச் சதுரக் கோபுரத்தப் பாரு."

ஆமாம் என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். திருப்பி, அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்றால்? அந்தக் காலண்டர் படம் அவர் மனசில் அச்சாக இருக்கிறது. அதைத்தான் அந்தப் பாறைமேல் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டதாக அவர் நம்பட்டும். இறங்கி வரும்போது, வந்தது வீண் போகவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இதை அவரிடம் சாகிற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லிவிடாதே. ஒன்பது வருஷம் நான் தள்ளிப்போட்டேன், போன வருஷம் வந்திருந்தால்கூடப் பார்த்திருப்பார். இதை நினைத்துத்தான் ராத்திரியில் விழித்துக் கிடக்கிறேன்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். வரும் வழியில் ஸ்டெர்லிங்கில் வண்டியைப் பழுது பார்க்க நிறுத்துவோம், அங்கே எழுது.

வெர்னா

*

மேவிஸுக்கு,

ஆர்லன் எழுதுகிறேன். வெர்னா துணி துவைக்கப் போயிருக்கிறாள். முகாமில் கொடுத்த காகிதங்களின் பின்பக்கம் தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன், எனக்கே தெரியாது என்ன விழுகிறது என்று. வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். உறையில் விலாசம் எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வண்டிக்காரர்.

நீ நலமா? இடுப்பு எப்படி?

அக்கா உனக்கு எழுதியிருப்பாள், நான் பாறை வீடுகளைப் பார்த்துவிட்டேன் என்று. நான் ஒன்றும் பார்க்கவில்லை. சாம்பல் நிறம், கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. காற்று வந்த பக்கம் திரும்பினேன். அழகு என்றேன். அவள் ஆமாம் என்றாள். அவள் குரலைக் கேட்டுத்தானே இவ்வளவு தூரம் வண்டி ஓட்டினேன். சாலை காலியாக இருந்தால் அவளுக்கு ஒரு குரல். பயந்தால் வேறு குரல். அது பயந்த குரல். தப்பான பக்கம் திரும்பிவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த மலையில் வளைவுக்கு வளைவு அவள் ஜெபம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்காக ஏறினாள். வீண் என்று சொல்ல மனசு வரவில்லை.

சொல்லிவிடாதே. வீட்டுக்கு வந்தபிறகு இந்த இருட்டை நான் பார்த்துக்கொள்வேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் எழுதினேன்.

ஆர்லன்

*

ஹார்ட்லி
செப்டம்பர் 1, 1988

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அக்கா, இதை வண்டிக்குள் அத்தானை உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக வாசி. ஒரு வரியும் விடாதே. அத்தான், அவள் எதையாவது விட்டால் அவள் குரலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக்காரர் க்ளெனைப் பற்றிச் சொல்லுகிறேன். அவர் நுரையீரலைப் பார்த்த டாக்டர், கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதையே க்ளெனிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார். நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை. வசந்தம் வந்ததும் வராந்தாவுக்கு வெள்ளை அடிக்கணும் மேவிஸ் என்பார் அவர். அடிக்கலாமே, பெயிண்ட் வாங்கி வைக்கிறேன் என்பேன் நான். வாங்கியும் வைத்தேன். பிப்ரவரியில் போய்விட்டார். அவருக்கும் தெரியும் என்பது அடக்கம் முடிந்தபிறகு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடைசி மாதங்கள் முழுக்க ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒன்றாக உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெயிண்ட் டப்பாக்கள் நிலவறையில் இருக்கின்றன. என்னால் திறக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

அதனால் உங்கள் இருவரின் பேச்சையும் நான் மீறப் போகிறேன். திட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா, அத்தான் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அங்கே அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தப்பான பக்கம் திரும்பியதும், உனக்கு அது தெரியும் என்பதும் உன் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நீ கஷ்டப்பட்டு ஏறியது வீண் என்று ஆகிவிடக் கூடாதென்று அழகு என்று சொல்லியிருக்கிறார்.

அத்தான், அக்காவும் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். நீங்கள் பார்த்தது வெறும் பாறை என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் பார்த்துவிட்டதாக நம்பினால் அதுவே போதும் என்றுதான் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்காக வருஷம் வருஷமாகத் தள்ளிப்போட்டதை நினைத்து உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா, குரல் உடைந்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள். அப்புறம் வாசி.

உங்களுக்கு வரப்போகிற இருட்டு ரொம்ப வருஷத்துக்கு உங்களோடு இருக்கப்போகிற இருட்டு. ஆளுக்கு ஒரு மூலையில் அதை மறைத்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்காதீர்கள். க்ளெனோடு மனம்விட்டுப் பேச என்னால் முடியாமல் போனது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசுங்கள்.

உருளைக்கிழங்கு தோண்டி வைத்திருக்கிறேன். உங்கள் படுக்கைக்கு வேறு விரிப்பு மாற்றிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்து சேருங்கள்.

மேவிஸ்

*

ஸ்டெர்லிங், கொலராடோ
செப்டம்பர் 9, 1988

அன்புள்ள மேவிஸுக்கு,

சுகம். வண்டி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே நாங்கள் ஊர் வந்து சேர்ந்தாலும் சேர்வோம். ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

படித்தேன். ஒரு வரியும் விடவில்லை. க்ளென் வரைக்கும் நன்றாகத்தான் படித்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை நிறுத்தினேன் என்று கேட்காதே. அவர் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். முடிந்ததும் இரண்டு பேரும் அழுதோம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அப்பா இறந்தபோதுகூட வெளியே போய் விறகு பிளந்தவர் அவர். வண்டிக்குள் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார். பயமா இருக்கு வெர்னா என்றார். எனக்கும் என்றேன். நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, இப்ப நீ சொல்லு. உன் கண்ணு எனக்குப் பழகினதுதான். அந்த ஊர் எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார்.

எத்தனை வீடு, என்ன நிறம், அந்தச் சதுரக் கோபுரம் எங்கே நின்றது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மனசுக்குள் துழாவித் துழாவிப் பார்த்தேன். காலண்டர் படம்தான் வருகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மேவிஸ். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதோ என்று கைகாட்டினேனே தவிர, அவருக்குத் தெரிகிறதா, தெரிகிறதா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண்ணாக இருக்கத்தான் போனேன், போன இடத்தில் நானும் பார்க்காமல் வந்துவிட்டேன். இனித் திரும்பிப் போக வண்டிக்கும் தெம்பில்லை, எங்களுக்கும் தெம்பில்லை.

காலண்டர் படத்தை வைத்துப் புளுகியிருக்கலாம். ஆனால் உன் கடிதம் மடிமேலேயே கிடந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கையால் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்தார்.

"அப்ப நீ பாத்ததச் சொல்லு. என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். தொப்பி விளிம்பின் கீழே வெயில் விழுந்திருந்ததை, மோவாயில் சவரக் கத்தி படாமல் விட்டுப்போன நரைமுடியை, அழகு என்று சொல்வதற்கு முன்னால் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றதை எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இன்னும் சொல்லு என்றார்.

உன் அக்கா,
வெர்னா